ஒரே நாளில் ஒட்டகச்சிவிங்கி

கந்தளாயைக் கடந்து ஐந்து நிமிடம் இருக்கும். கிழக்குப் பக்கம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் வாடகை வாகனத்தின் சாரதி ரபீக் நானா வண்டியை ஓரங்கட்டினார். அது முழுதாக நிற்பதற்குள் என் மனைவி சுகந்தி பக்கக் கதவை இழுத்துத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். ஓடிப்போய், வீதியோர மதகின் கட்டுச் சுவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தாள்.

நான் முன்னிருக்கையில் இருந்தேன். என் மடியில் மூன்று பக்க நிகழ்ச்சி நிரல். அதன்படி நாங்கள் அந்நேரம் ஹபரணையை நெருங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மனைவி வீதியோரத்தில் சத்தி எடுக்கும்போது கணவன் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் நான் முதலில் செய்தது கைக்கடிகாரத்தைப் பார்த்தது.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை வாரந்தோறும் வாசிக்கும் சுகந்திக்கு ஒரு மனக்குறை உண்டு. "எல்லாக் கிழமையும் உங்கட கெட்டித்தனத்தைத்தான் எழுதுறீங்கள்" என்பாள். இந்தக் கிழமை அந்தக் குறை தீரட்டும்.

மாலை போடுவது ஒன்பது மணிக்கு, இளநீர் ஒன்பது மூன்றுக்கு

எனக்கு உத்தியோகம் திருகோணமலையில் ஓர் அரச கந்தோரில். வெளியூரிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்தால் அவர்களுடைய நாளைத் திட்டமிடுவது என் பொறுப்பு. எட்டு ஐம்பத்தைந்துக்கு வாகனம் வாசலுக்கு வரும். ஒன்பது மணிக்கு மாலை மரியாதை. ஒன்பது மூன்றுக்கு இளநீர். இளநீரைக் குடிக்க நான்கு நிமிடம். ஆறுதலாகக் குடிப்பவராக இருந்தால் ஐந்து.

ஒருமுறை அப்படி வந்த ஒருவர், கூட்டத்தின் நடுவில் என் தாளைத் தூக்கிப் பிடித்து, "இதைத் தயாரித்தது யார்?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு நான் ஒரு வருடம் நிமிர்ந்து நடந்தேன். அவர் ஏன் கேட்டார் என்பதை அவருடைய சாரதி எங்கள் சாரதியிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்து சேரத்தான் அவ்வளவு காலம் எடுத்தது. அன்று காலையிலிருந்து நான்கு மணித்தியாலம் அந்த மனுசனுக்குக் கழிப்பறைக்குப் போக நான் நேரம் வைத்திருக்கவில்லை.

இப்படிப்பட்ட ஆள் தன் குடும்பத்துக்குச் சுற்றுலா திட்டமிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போவதாக என் மகள் மதுராவுக்கு நான் முதலில் வாக்குக் கொடுத்தபோது அவளுக்கு நான்கு வயது. பிறகு மகன் ஆதவன் பிறந்தான். பிறகு நாட்டில் ஒரு பிரச்சினை. பிறகு கொரோனா. பிறகு பெற்றோல் வரிசை. ஒவ்வொரு முறையும், "மிருகங்கள் எங்கயும் போகாது" என்று சொல்லிச் சமாளித்தேன். மிருகங்கள் போகவில்லைதான். மதுராதான் பதினான்கு வயதாகி வேறு ஆளாகிவிட்டாள்.

"அப்பா, சிங்கத்தை நான் ஃபோனில பாத்திட்டன். கொழும்புக்கு வெளியில ஒரு பெரிய பார்க் இருக்கு, அதுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ராட்டினம், கப்பல், தண்ணிச் சறுக்கல் எல்லாம் இருக்கு" என்றாள்.

ஆதவனுக்கு எட்டு வயது. அவனுக்கு ஒட்டகச்சிவிங்கி வேண்டும்.

பத்து வருடமாக ஒன்றையுமே செய்யாதவன், வட்டியும் முதலுமாக இரண்டையும் ஒரே நாளில் செய்து காட்ட முடிவெடுத்தேன். விடிய நாலு மணிக்குத் திருகோணமலை. ஒன்பதரைக்கு மிருகங்கள். ஒன்றரைக்குப் பூங்கா. ஐந்தரைக்குத் திரும்பப் புறப்பாடு. கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐசே, இது சுற்றுலாவோ, தண்டனையோ?" என்று கேட்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் கிடைக்கும் மிருகங்கள்

மிருகக்காட்சிசாலைக்கு நான் ஒதுக்கிய நேரம் மூன்று மணித்தியாலம். எல்லாவற்றையும் பார்க்க அது போதாது என்று ஒரு கழிப்புப் பட்டியல் போட்டேன். திருகோணமலையில் இலவசமாகக் கிடைக்கும் மிருகங்களுக்கு அங்கே நேரம் இல்லை.

முதலில் மானை வெட்டினேன். எங்கள் ஊரில் மான்கள் கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து பஸ் நிலையத்தருகே படுத்துக்கொண்டு அசைபோடும். எங்கள் வீட்டுச் செவ்வந்தியை இரண்டு முறை தின்றிருக்கின்றன. அடுத்தது குரங்கு, அதைப் பற்றி எழுதினால் வசைதான் வரும். அடுத்தது மயில். அடுத்தது யானை. கப்பல்துறைக் கிராமத்தில் இருக்கும் என் மைத்துனர் அதன் தொல்லையால் வாழை வைப்பதையே விட்டுவிட்டார். "யானையைப் பாக்கக் காசு குடுத்துக் கொழும்புக்குப் போறியளோ? ஒரு கிழமை எங்கட வீட்டில வந்து நில்லுங்கோ, அது உங்களைப் பாக்க வரும்" என்றார்.

மிஞ்சியவற்றுக்கு நேரம் பிரித்தேன். ஒட்டகச்சிவிங்கிக்குப் பன்னிரண்டு நிமிடம். நீர்யானை மேலே வந்தால் பத்து, வராவிட்டால் ஐந்து. சிங்கம் விழித்திருந்தால் எட்டு, நித்திரை என்றால் மூன்று.

சிரிக்காதீர்கள். நான் சிரிக்காமல்தான் எழுதினேன்.

கதிரைகளில் ஓர் ஒத்திகை

வாகனம் கிண்ணியா ரபீக் நானாவுடையது. புதிதாக வாங்கிய பெரிய குளிரூட்டி வான். பின்பக்கக் கண்ணாடிகளைத் திறக்க முடியாது; தூசி வராது, சத்தம் வராது. பிள்ளைகளுக்கு அரசமரியாதை என்று நான் மகிழ்ந்துபோனேன்.

சுகந்தி மட்டும், "ரயிலில போவமே?" என்று கேட்டாள். ஒருமுறை அல்ல, மூன்று முறை கேட்டாள்.

"ரயில் தன்ர நேரத்துக்குத்தான் போகும். என்ர நேரத்துக்குப் போகாது" என்றேன். அதைச் சொன்னபோது பெரிய தத்துவம் ஒன்றைச் சொன்ன உணர்வு எனக்கு.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, மாலையில், வீட்டு மண்டபத்துக் கதிரைகளை வானின் இருக்கைகளைப் போல அடுக்கி ஓர் ஒத்திகை வைத்தேன். யார் எங்கே இருப்பது, எந்தப் பை யாரின் காலடியில், இறங்கும்போது யார் முதலில். மதுரா கண்ணை மேலே உருட்டிக்கொண்டு வந்து இருந்தாள். ஆதவன் வாயால் ஹோர்ன் அடித்தான். சுகந்தியைப் பின்வரிசையில், ஜன்னலோரம் இருத்தினேன்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். "இடையில எங்க நிக்கும்?" என்று கேட்டாள்.

அதற்குத்தான் காத்திருந்தேன். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில், கீழே கோடு போட்டு நான் எழுதியிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். "இடையில் நிறுத்தம் இல்லை."

அவள் எழுந்து, "உலையில அரிசி கிடக்குது" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள். என் உழைப்பை மதிக்காத மனுசி என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு இடியப்பம். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

மதகுக் கட்டின் மேல்

கடிகாரத்தைப் பார்த்த பிறகு நான் இறங்கிப் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். போய், செய்ததை இன்னும் கெடுத்தேன்.

"ராத்திரி என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்டேன்.

ரபீக் நானா தண்ணீர்ப் போத்தலோடு என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார். "சேர், கேள்விய உடுங்க. தங்கச்சி முகம் கழுவட்டும்."

சுகந்தி முகத்தைக் கழுவி, மதகுக் கட்டின் மேல் ஏறி இருந்தாள். வயல் காற்று நன்றாக வீசியது. நானும் பக்கத்தில் இருந்தேன்.

"சாப்பாட்டால இல்ல. கண்ணாடி பூட்டின வாகனமெண்டா எனக்கு எப்பவும் சத்தி வாறது" என்றாள்.

"எப்பவுமோ? மட்டக்களப்புக் கலியாணத்துக்கு வராமல் விட்டது?"

"காய்ச்சல் எண்டு சொன்னனான்."

"நுவரெலியாவுக்கு?"

"தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தது, பாக்க வேணுமெண்டு சொன்னனான்."

"பிறந்தது உண்மைதானே?"

"அது மூண்டு மாசத்துக்கு முதலே பிறந்திட்டுது."

பதினைந்து வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். ஊருக்குள் எங்கு போனாலும் என் மோட்டார் சைக்கிள்தான். பின்னால் இருந்து அவள் பாட்டு முணுமுணுப்பதுகூட உண்டு. நீண்ட பயணம் என்றால் மட்டும் ஏதாவது ஒன்று குறுக்கே வரும். என்னோடு வெளியே வர அவளுக்கு விருப்பமில்லை என்று நான் எனக்குள் ஒரு முடிவுக்கு வந்து, அதை வைத்து அவ்வப்போது முகம் தூக்கிக்கொண்டும் இருந்தேன்.

சுகந்தி சம்பூர்க்காரி. யுத்தத்தில் ஊரை விட்டு எல்லோரும் வெளியேறியபோது அவளுக்கு இருபது வயதிருக்கும். நடந்தது, உழவு இயந்திரத்தில் ஏறியது, முகாம் எல்லாம் எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அன்று மதகில் இருந்து சொன்னதை அதற்கு முன் சொன்னதில்லை.

"கடைசியா எங்களை ஒரு லொறியில ஏத்தினவை. மழை எண்டு தார்ப்பாயை இழுத்துக் கட்டிப்போட்டினம். உள்ளுக்க இருட்டு. எனக்குப் பக்கத்தில ஒரு மனுசி, மூச்செடுக்க ஏலாம, நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ எண்டு தகரத்தில தட்டிக்கொண்டே வந்தா. நானும் சேந்து தட்டினனான். ஒருத்தரும் நிப்பாட்டேல்ல. முன்னுக்கு இருந்தவைக்குக் கேக்கேல்லயோ, நிப்பாட்டப் பயமோ, தெரியாது."

"அந்த மனுசிக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்ல. இறங்கித் தண்ணி குடிச்சா. கதை அது இல்ல. நான் நிக்க வேணுமெண்டாலும் இது நிக்காது எண்டொரு நினைப்பு வரும் பாருங்கோ, அது வந்தால் வயிறு பிரட்டும். பஸ்ஸெண்டா மணி அடிக்கலாம். ரயிலெண்டா ஸ்டேசன் வரும்."

நான் என் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். தடித்த எழுத்து. கீழே கோடு.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

அவள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். "சொன்னா அதுக்கும் ஒரு அட்டவணை போடுவீங்கள்."

கொஞ்சம் தள்ளி நின்ற ரபீக் நானா சிரிப்பை அடக்க இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் பிழையில்லை.

"திரும்புவம்" என்றேன்.

வானின் கதவில் மதுரா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "ஓம், திரும்புவம் அம்மா. பரவாயில்ல" என்றாள். பரவாயில்லை என்று சொல்ல அவள் எவ்வளவு பழகியிருந்தாள் என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

சுகந்தி எழுந்தாள். "பத்து வருசமா அந்தப் பிள்ளை காத்துக்கொண்டு இருக்குது. திரும்பத் தேவையில்ல. நான் முன் சீற்றில இருக்கிறன், அந்தக் கண்ணாடி திறக்கும். நான் சொல்லுற இடத்தில எல்லாம் நானா நிப்பாட்டட்டும்."

"நூறு இடத்துல நிப்பாட்டுறன் தங்கச்சி. எனக்கென்ன? சேருக்குத்தான் கஷ்டம்" என்றார் ரபீக் நானா.

பன்னிரண்டு நிமிடம்

நூறு இடம் இல்லை, பதினொன்று. ஆதவன் எண்ணிக்கொண்டு வந்தான். ஹபரணையில் அவித்த சோளம். ஒரு குளக்கட்டில் சும்மா. குருநாகலில் தேத்தண்ணி. ஓரிடத்தில் எந்தக் காரணமும் இல்லை. சுகந்தி "நிப்பாட்டுங்கோ" என்றாள், வான் நின்றது, "சரி, போங்கோ" என்றாள். நிற்கிறதா என்று பார்த்திருக்கிறாள். ரபீக் நானா கியரைப் போட்டார். நான் பின்வரிசை ஜன்னலோரத்தில், நான் அவளுக்கு ஒதுக்கிய இடத்தில் இருந்து, பூட்டிய கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த இடம் அவ்வளவு நல்ல இடமில்லை.

மிருகக்காட்சிசாலைக்குப் போய்ச் சேர மதியம் இரண்டரையாகிவிட்டது. இனிப் பூங்கா இல்லை என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது.

ஆதவன் ஒட்டகச்சிவிங்கியின் முன் போய் நின்றான். அது வேலிக்கு அப்பால் இலை தின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு நிமிடம் போனது. அரை மணித்தியாலம் போனது. சிங்கத்தைப் பார்ப்போமா என்று கேட்டேன். "அப்பா, அது விழுங்கினா கழுத்தால இறங்கிறது தெரியுது" என்றான், என்னைத் திரும்பிப் பார்க்காமல். சுகந்தியும் அவன் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு விழுங்கலையும் மேலிருந்து கீழே கண்ணால் பின்தொடர்ந்தாள்.

மதுரா தூரத்து வாங்குப் பலகையில் தனியாக இருந்தாள். போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பா பிழை விட்டிட்டன், பிள்ளை."

"நீங்கள் எங்க பிழை விட்டனீங்கள்? நீங்கள் சரியாத்தான் நேரம் போட்டனீங்கள். நாங்கள்தான் பிந்திட்டம். அப்பிடித்தானே நாளைக்குக் கந்தோரில சொல்லுவீங்கள்?"

அப்படித்தான் சொல்லியிருப்பேன். வசனம்கூட ஏறத்தாழத் தயாராக இருந்தது.

"நாளைக்கு நான் கந்தோருக்குப் போகேல்ல. இண்டைக்குக் கொழும்பில நிப்பம். விடிய பார்க்குக்குப் போவம்" என்றேன்.

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. "எங்க தங்குறது? அது உங்கட பேப்பரில இல்லையே!"

"தெரியாது" என்றேன். அந்தச் சொல்லைப் பிள்ளைகள் முன் நான் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்து லீவு கேட்டேன். உடனே தந்தார். "ஆறுதலா வாங்கோ, அவசரமில்ல" என்று இரண்டு முறை சொன்னார். அவருடைய குரலில் இருந்த சந்தோசம் கொஞ்சம் அதிகம்.

தங்குமிடத்தைச் சுகந்திதான் ஒழுங்கு செய்தாள். முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த வத்சலா இப்போது கொழும்பில் குடியிருக்கிறாள். ரபீக் நானா மருதானையில் தன் உறவினர் வீட்டுக்குப் போனார். பொழுதுபடும் நேரம் வத்சலா கதவைத் திறந்தாள், வாங்கோ என்று சொல்லும் முன்னரே சுகந்தியின் கையைப் பிடித்து, "அடியே, வானிலயோ வந்தனீ? கடவுளே! எப்பிடி?" என்று கேட்டாள்.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்குவதைவிட ஒரு கந்தோர் விசாரணையைத் தாங்கலாம்.

தரையில் ஒரு கப்பல்

மறுநாள் பூங்காவில் என் கையில் தாள் இல்லை. கையை என்ன செய்வது என்று தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். மதுரா தண்ணீரில் சறுக்கினாள், ராட்டினத்தில் ஏறினாள், எங்களை மறந்து ஓடினாள். நான்கு வயதில் கூட்டிவந்திருந்தாலும் இப்படித்தான் ஓடியிருப்பாள் என்று தோன்றியது. பார்க்கச் சந்தோசமாகவும் இருந்தது, தாங்கமுடியாமலும் இருந்தது.

மத்தியானத்துக்கு முதல் அவள் தாயிடம் வந்து நின்றாள். "அம்மா, கப்பலில என்னோட வாங்கோ."

கப்பல் என்றால், இரண்டு தூண்களுக்கு நடுவே ஊஞ்சலாகத் தொங்கும் பெரிய தோணி. துறைமுகத்து ஊரிலிருந்து வந்து, எங்கேயும் போகாத கப்பலில் காசு கொடுத்து ஏறுவது மடத்தனம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். சுகந்தி அதற்குள் அதன் பக்கம் நடந்துவிட்டாள். கொஞ்ச நேரம் நின்று, அது எழும்பி இறங்குவதைப் பார்த்தாள். பிறகு, அதை இயக்கிக்கொண்டிருந்த சிங்களப் பெடியனிடம் போனாள்.

"இவரிட்ட ஒண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்று என்னைக் கூப்பிட்டாள். "நான் கையைத் தூக்கினா உடன நிப்பாட்டுவாரோ?"

என் கந்தோர்ச் சிங்களத்தில் கேட்டேன். பெடியன் சுகந்தியை ஒருமுறை பார்த்தான். சிரிக்கவில்லை. "அம்மா கையத் தூக்கினா நான் நிப்பாட்டுவன். உங்களத்தான் பாத்துக்கொண்டு நிப்பன்" என்று சிங்களத்தில் சொன்னான். மொழிபெயர்த்தேன். அவள் அவன் முகத்தையே கொஞ்சம் பார்த்துவிட்டு ஏறினாள்.

துணைக்கு என்று நானும் ஏறினேன். யாருக்குத் துணை என்பது சீக்கிரம் தெரிந்துவிட்டது.

முதல் ஊஞ்சலில் என் வயிறு பின்னால் நின்றுவிட்டது. இரண்டாவதில் அது திரும்பி வந்தது, ஆனால் பழைய இடத்துக்கு அல்ல. மூன்றாவதில் கப்பலின் மூக்கு வானத்தைப் பார்க்க, நான் கூச்சமில்லாமல் இரண்டு கைகளையும் தூக்கினேன். "நவத்தன்ன! நவத்தன்ன!" என்று சிங்களத்தில் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். ஆதவன் கீழே நின்று எனக்குக் கைகாட்டினான். பெடியனோ சொன்ன சொல் தவறாமல் சுகந்தியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கை முன்னால் இருந்த கம்பியில் லேசாகக் கிடந்தது. அவளுடைய தலைமயிர் காற்றில் அவிழ்ந்து மதுராவின் முகத்தில் அடித்தது. இரண்டு பேரும் ஒரே குரலில் கூவினார்கள். சுகந்தி அப்படிக் கூவி நான் கேட்டதே இல்லை.

கப்பல் தன் பாட்டில் ஆடி முடித்துத்தான் நின்றது.

என்னை இறக்கி, கைத்தாங்கலாகக் கொண்டுபோய் ஒரு மரத்தடி வாங்கில் இருத்தினார்கள். சுகந்தி என் முதுகைத் தடவிவிட்டாள். தண்ணீர் தந்தாள். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டனீங்கள் என்று கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. அவள் என்னைவிட நல்ல மனுசி.

"அம்மா, இன்னொருக்கா!" என்று மதுரா அவளின் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் வரிசையை நோக்கிப் போனார்கள். பாதி வழியில் சுகந்தி நின்று, திரும்பி, என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"எத்தினை மணிக்கு நாங்கள் திரும்பி வர வேணும்?"

வாயைத் திறந்தால் பதில் அல்லாத வேறு ஏதாவது வெளியே வந்துவிடும் போலிருந்தது. போங்கோ, போங்கோ என்று கையை மட்டும் அசைத்தேன்.